மயிலாத்தாள் ஓடினால் குறையும் சாலை

கொளிஞ்சிவலசிலிருந்து சின்னாரிமடைக்குப் போகிற தார்ச்சாலை பதினாலு கிலோமீட்டர் என்று அரசாங்கம் பதினாலு கல் நட்டுச் சொல்லியிருந்தது. சனங்களும் அதை அப்படியே நம்பி, நடந்தும் சைக்கிள் மிதித்தும் டவுன் பஸ்ஸில் தொங்கியும் போய் வந்துகொண்டிருந்தார்கள். அந்தச் சாலை எந்த நாளில், எந்த இரண்டு கற்களுக்கு நடுவில் முதன்முதலாகக் குறைய ஆரம்பித்தது என்று கேட்டால் ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய ஒரே ஆள் பி.டி. மாஸ்டர் குழந்தைவேல்தான், அவரோ அந்தச் சமயத்தில் வேறொரு சந்தோஷத்தில் மிதந்துகொண்டிருந்தார்.

குழந்தைவேலுக்கு முப்பத்தாறு வயது, கழுத்தில் விசில், கையில் ஸ்டாப் வாட்ச், மனசில் ஒரே ஒரு முள். கல்லூரியில் படித்த காலத்தில் அவர் கோயமுத்தூரில் முழு மாரத்தான் ஓடப் போய், நாற்பத்திரண்டு கிலோமீட்டரில் முப்பத்தைந்தாவது கிலோமீட்டரில் ஒரு பெட்ரோல் பங்க் சுவரோரமாக உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை, ஆம்புலன்ஸில்தான் திரும்பி வந்தார். ஓடி முடித்துவிட்டேன் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் யாரும் போய்ப் பார்த்திருக்கப் போவதில்லை. ஆனால் மனுசன் உண்மையே பேசுகிறவர், அதுவும் டீக்கடையில் வைத்துப் பேசினார், அன்றைக்கு ஒட்டிக்கொண்ட ‘முப்பத்தஞ்சு’ என்ற பெயர் அவர் வேலைக்குச் சேர்ந்த பள்ளிக்கூடத்துக்கும் கூடவே வந்து சேர்ந்தது. ‘முப்பத்தஞ்சு வந்தாச்சு, பெல் அடிங்கப்பா’ என்றுதான் வாட்ச்மேன் சொல்வார். வீட்டில் சண்டை வந்தால் மனைவிகூட, ‘எதையும் ஏழு கிலோமீட்டர் பாக்கி வெச்சுத்தானே முடிப்பீங்க’ என்று, அவர் துவைக்கப் போட்டு மறந்த வேட்டியைக் காட்டிச் சொல்வாள்.

அதனால் அவருக்கு ஒரு வைராக்கியம் இருந்தது. தன் கையால் பயிற்சி கொடுத்த ஓர் ஆளாவது நாற்பத்திரண்டு கிலோமீட்டரையும் அதற்கு மேல் தொங்குகிற நூற்றுத் தொண்ணூற்றைந்து மீட்டரையும், ஒரு முழம்கூடக் குறையாமல் ஓடி முடிக்க வேண்டும், தான் அந்தக் கோட்டுக்கு அந்தப்பக்கம் நின்று அதைக் கண்ணால் பார்க்க வேண்டும், பார்த்துவிட்டால் முள் தானாக வெளியே வந்துவிடும். ஆனால் பள்ளிக்கூடத்துப் பையன்கள் எண்ணூறு மீட்டர் ஓடியதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு தண்ணீர் கேட்டார்கள், நன்றாக ஓடிய பெண் பிள்ளைகள் பன்னிரண்டாவது முடித்ததும் பனியன் கம்பெனிக்கோ காலேஜுக்கோ போய்விட்டார்கள். கடைசியில் அவருக்கு வாய்த்தது நாற்பத்துமூன்று வயது மயிலாத்தாள்.

மயிலாத்தாள் சின்னாரிமடையில் ஒரு கொப்பரைக் களத்தில் தேங்காய் உடைக்கிறவள். காலையில் வருகிற டவுன் பஸ், டிரைவருக்கு மனசு வந்தால்தான் கொளிஞ்சிவலசில் நிற்கும், பெண்கள் மட்டும் நிற்கிற நிறுத்தம் என்றால் பெரும்பாலும் மனசு வராது. ஒருநாள் அப்படி நிற்காமல் போன பஸ்ஸின் மேல் வந்த கோபத்தில், சேலையைத் தூக்கிச் செருகி, மகனுடைய பழைய மஞ்சள் சட்டையை மேலே மாட்டிக்கொண்டு, மத்தியானச் சோற்றுத் தூக்குப்போசியை ஒரு கையில் பிடித்தபடி அவள் பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஓட ஆரம்பித்தாள், நிறுத்தவே இல்லை, அடுத்த நாளும் ஓடினாள், அதற்கடுத்த நாள் பஸ் நின்றும் ஏறாமல் ஓடினாள். ஒருநாள் மோட்டார் சைக்கிளில் போன குழந்தைவேல் அவள் பக்கத்திலேயே வண்டியை விட்டுக்கொண்டு ஸ்பீடாமீட்டரைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், மூச்சே வாங்கவில்லை.

“ஏனுங்க்கா, தினமும் இப்படித்தான் ஓடறீங்களா?”

“பஸ்ஸுக்காரன் நிறுத்துனா நான் எதுக்குங் ஓடறேன்?”

அவர் அன்று முழுக்க அவளுக்கு மாரத்தானைப் பற்றி விளக்கினார், களத்தில் தேங்காய் மட்டைக் குவியலுக்கு நடுவில் நின்று, கிரேக்க நாட்டிலிருந்து ஆரம்பித்து விளக்கினார். அவள் அருவாளை நிறுத்தாமல் கேட்டுவிட்டு ஒரே ஒரு சந்தேகம் கேட்டாள்.

“வெடியக்காலைல போனா எத்தனை மணிக்குங் ஊட்டுக்குத் திரும்பி வரலாம்?”

அப்படித்தான் ஆரம்பித்தது. அவள் முன்னால் ஓட, அவர் பின்னால் வண்டியில் ஹாரன் அடித்துக்கொண்டே போவார், பதினாலாவது கல்லில் வாட்சை நிறுத்தி நோட்டில் எழுதுவார். முதல் மாதம் ஒரு மணி இருபத்துநாலு நிமிடம். பிறகு ஒரு மணி பதினைந்து, ஒரு மணி ஐந்து, ஐம்பத்தெட்டு என்று நோட்டில் எண்கள் இறங்க இறங்க மாஸ்டரின் தலை ஏறிக்கொண்டே போனது. கம்மங்கூழில் மோர் ஊற்றிக் குடிக்கச் சொன்னதுதான் காரணம் என்று எழுதினார், பிறகு அதை அடித்துவிட்டு மேட்டில் ஓடவிட்டதுதான் காரணம் என்று எழுதினார். ஐம்பதைத் தொட்டபோது தன் விசில் ஊதும் முறையில்தான் விஷயம் இருக்கிறது என்று முடிவு கட்டி, அதை ஒரு கட்டுரையாக எழுதலாமா என்றுகூட யோசித்தார். பதினாலு கல்லையும் அவள் நாற்பத்தொரு நிமிடத்தில் தாண்டிய அன்றைக்குக் குழந்தைவேல் ரோட்டோரமாக வண்டியை நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டார், மாவட்டத் தடகளச் சங்கத்துக்குப் போன் போட்டு, உலகத்தில் எந்தப் பெண்ணும் இந்த வேகத்தில் ஓடியதில்லை என்று அறிவித்தார். அந்தப்பக்கம் இருந்தவர், “மாஸ்டர், சாப்டாச்சுங்களா?” என்று அக்கறையாகக் கேட்டார்.

இடையில் ஒரு தொந்தரவு மட்டும் இருந்தது. வண்டியின் மீட்டர் சரியாக ஓடவில்லை. பதினாலு காட்ட வேண்டிய இடத்தில் பன்னிரண்டு காட்டியது, பத்து காட்டியது, ஒருநாள் வெட்கமே இல்லாமல் ஏழு காட்டியது. மாஸ்டர் அதை மெக்கானிக் ஆறுச்சாமியிடம் கொண்டுபோய் மூன்று தரம் கேபிள் மாற்றினார், மீட்டரையே ஒருதரம் மாற்றினார். ஐந்தாவது தரம் போனபோது ஆறுச்சாமி கையைப் பழந்துணியில் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றான்.

“மாஸ்டர், கோவிச்சுக்காதீங். வண்டியில ஒரு பழுதும் இல்லீங். ரோடுதான் கொறஞ்சு போச்சு.”

வேறொருத்தராக இருந்தால் ரோடு எப்படியப்பா குறையும் என்று கேட்டிருப்பார். குழந்தைவேல் அதைக் கேட்கவில்லை, நோட்டை எடுத்து, ஸ்டூலில் உட்கார்ந்து, ஒவ்வொரு நாளின் நிமிடத்தையும் மீட்டர் காட்டிய தூரத்தால் வகுத்தார். முதல் நாள் கிலோமீட்டருக்கு ஆறு நிமிடம், நேற்றும் ஆறு நிமிடம். ஒன்றரை வருடமாக மயிலாத்தாளின் வேகம் ஒரு நொடிகூட ஏறவில்லை, அவருடைய மோரும் மேடும் விசிலும் ஒரு நொடிக்கும் ஆகவில்லை. மனுசனுக்கு ரோடு போனதைவிட அந்த ஒரு நொடி போனதுதான் பெரிய துக்கமாக இருந்தது.

“ரோடு கொறஞ்சதுக்கு நான் என்னங் பண்ணட்டும்?” என்றாள் மயிலாத்தாள், யாரோ தன்மேல் பழி போட்ட மாதிரி. “நான் பாட்டுக்கு ஓடறேன், அது பாட்டுக்குக் கொறையுது.”

ஊர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, எடுத்துக்கொள்ள நேரமும் இல்லை, ஏனென்றால் அதற்குள் அதில் வந்த வசதிகளையும் வம்புகளையும் பார்க்கவே நேரம் சரியாக இருந்தது. நெடுஞ்சாலைத் துறையிலிருந்து இரண்டு பேர் நீள டேப்புடன் வந்து மூன்று தரம் அளந்து, ரேஷன் கடை வரிசையில் நிற்கிற ஆட்கள் மாதிரி நெருக்கியடித்து நின்ற பதினாலு கல்லையும் எண்ணிப் பார்த்து, காண்டிராக்டர் கல்லை நெருக்கி நட்டுவிட்டார் என்று எழுதிக்கொண்டு, சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். ரோட்டின் இரண்டு பக்கத்துக் காடு தோட்டமெல்லாம் ஒரு சென்ட்கூடக் குறையாமல் அப்படியே கிடந்தன, வரப்பு வழியாக நடந்தால் அரை நாள், அதையொட்டியே ரோட்டில் நடந்தால் ஒரு மணி நேரம், வெளியூர்க்காரர்கள் அதைப் பார்த்து முழித்தால், ‘ரோடுன்னா சீக்கிரம் போறதுக்குத்தானுங்களே போட்டிருக்குது’ என்று ஊர்க்காரர்கள் அவர்களுக்குப் புத்தி சொன்னார்கள்.

பஸ்ஸில் கண்டக்டர் பின்வாசலில் டிக்கெட் கிழிக்க ஆரம்பித்து நடுவாசலுக்கு வருவதற்குள் சின்னாரிமடை வந்துவிட்டது, நாலாவது கியர் போட்டே எட்டு மாதம் ஆகிறது என்று டிரைவர் புலம்பினார். ‘பஸ் ஸ்டாண்டிலிருந்து ஐந்தே நிமிடம்’ என்று பத்து வருடமாகப் பொய்யாகவே போர்டு வைத்திருந்த சைட் புரோக்கர்களுக்குத் திடீரென்று அது உண்மையாகிப்போனதில் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, உண்மையை எப்படிச் சொல்வது என்று பழக்கமில்லாததால் யாரும் நம்பவும் இல்லை. தூரத்தில் பெண் கொடுத்திருக்கிறோம், அவள் பண்டிகை நோம்பிக்குத்தான் வருவாள் என்று நிம்மதியாக இருந்த வீடுகளில், புருசனோடு சண்டை போட்டுக்கொண்டு வந்த பெண் இங்கே ஒரு வாய் காப்பி குடித்து, கோபம் தீர்ந்து, அங்கே அடுப்பில் வைத்த குழம்பு கொதிப்பதற்குள் திரும்பிப் போனாள். பாகப் பிரிவினையில் முகத்திலேயே முழிக்கக் கூடாது என்று ஆளுக்கொரு ஊரில் வீடு கட்டிய அண்ணன் தம்பி இரண்டு பேர், ஒருத்தர் தும்மினால் இன்னொருத்தருக்குக் கேட்கிற தூரத்துக்கு வந்துவிட்டார்கள். முதலில் ஜன்னலைச் சாத்தினார்கள், பிறகு வெயில் காலம் வந்ததும் திறந்தார்கள். ஏழாவது கல்லில் டீக்கடை வைத்திருந்தவர் மட்டும் நேராக மாஸ்டர் வீட்டுக்கே வந்து, யாருக்குமே நடுவழியில் களைப்பு வருவதில்லை, இப்படி இருந்தால் நான் எப்படிப் பொழைப்பது என்று நியாயம் கேட்டார்.

மயிலாத்தாளின் மகளுக்குப் பிரசவ வலி எடுத்துச் சின்னாரிமடை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள் என்று வீட்டில் இருந்தவளுக்குச் சேதி வந்த அன்றைக்கு, அவள் போட்டது போட்டபடி ஓடினாள், அந்த ஒரே ஓட்டத்தில் ஒன்றரை கிலோமீட்டர் குறைந்துபோனது. சாதாரண நாளில் நாற்பதடி, ஐம்பதடிதான் குறையும், மனசு வைத்து ஓடினால் கணக்கு வேறு என்று அன்றைக்குத்தான் மாஸ்டருக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு வெற்றிலை பாக்குத் தட்டோடு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள், மகன் வேலை பார்க்கிற ஊர் ரோட்டில் ஒருதரம் ஓடிவிட்டு வரச் சொல்லி. புதிதாகக் கல்யாணமான ஒரு பெண் மட்டும் தனியாக வந்து, தயவுசெய்து என் மாமியார் ஊர் ரோட்டுப் பக்கம் போய்விடாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

இதிலெல்லாம் குழந்தைவேலுக்குக் கவலை ஒன்றுதான். ரோடு மயிலாத்தாளின் குதிகாலுக்குப் பின்னால்தான் குறைந்தது. அவள் கால் படுகிற வரைக்கும் முழுத் தூரம், அவள் தாண்டிய பிறகுதான் சுருக்கம். ஆக, அவள் எப்போதும் முழுசாக ஓடினாள், அவளுக்குப் பின்னால் வருகிறவர்கள் குறைச்சலாக ஓடினார்கள். மாவட்ட அளவில் நடந்த பத்துக் கிலோமீட்டர் போட்டியில் அவள் கடைசி வளைவு வரைக்கும் முதலில் வந்தாள், பின்னால் வந்த பெண்களில் நாலு பேர் பேசிக்கொண்டே அவளைத் தாண்டிப் போனார்கள், எல்லோருக்கும் சாதனை நேரம். சந்தேகம் வந்து அளந்து பார்த்தால் பாதை எட்டேகால் கிலோமீட்டர்தான் இருந்தது, போட்டியை ரத்து செய்துவிட்டார்கள். சுண்ணாம்பு போட்டு அளந்த பாவப்பட்ட மனுசன்மேல் எல்லோரும் பாய்ந்தார்கள், மாஸ்டர் அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, விசயத்தைச் சொல்லாமல் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

“கோயமுத்தூர் மாரத்தான்ல நீங்க முன்னாலயே போகக் கூடாதுங்க்கா. முன்னால ஓடற பொம்பளைங்களுக்குப் பின்னாலயே ஒட்டிட்டுப் போங்க. நாப்பது வரைக்கும் யாரையும் தாண்டாதீங்க. நாப்பதுக்கு மேல விடுங்க ஒரு விடல்.”

“சரிங்” என்றாள் மயிலாத்தாள். “ஆனா ஒண்ணு. நீங்களும் ஓடோணும்.”

“நானா?”

“நீங்க வண்டியில ஜம்முனு உக்காந்து ஹாரன் அடிக்கறதுக்கு நான் நாப்பத்திரண்டு ஓடோணுமாக்கும்? தெரியாத சனத்துக்கு நடுவுல நான் ஒருத்தியாப் போவ மாட்டனுங். நீங்க ஓடுனா ஓடறேன். இல்லீன்னா களத்துல எனக்கு வேலை கெடக்குது.”

முப்பத்தஞ்சு மறுபடியும் ஓடப் போகிறார் என்று சேதி டீக்கடைக்குப் போய்ச் சேர அரை மணி நேரம்கூட ஆகவில்லை, இப்போது டீக்கடை ரொம்பப் பக்கம். இந்தத் தரம் முப்பத்தாறாவது எட்டுவாரா என்று பேசிக்கொண்டார்கள், ஆம்புலன்ஸுக்கு இப்போதே சொல்லி வைக்கலாமா என்று அவரிடமே கேட்டார்கள். மாஸ்டர் வண்டியை நிறுத்திவிட்டு மயிலாத்தாளுக்குப் பின்னால் ஓடிப் பழக ஆரம்பித்தார். கல் கணக்குப்படி ஒருநாள் இருபது, ஒருநாள் முப்பது என்று ஓடினார், ஒருநாள் போய், வந்து, மறுபடியும் போய் நாற்பத்திரண்டே ஓடிவிட்டு வீட்டில் போய்ப் பெருமையாகக் கால் நீட்டி உட்கார்ந்தார். அது நிசத்தில் பதினைந்துகூடத் தேறாது என்பது அவருக்குத் தெரியும், தெரிந்தும் நோட்டில் நாற்பத்திரண்டு என்றுதான் எழுதினார். பொய்யே சொல்லாத மனுசன் எழுதிய முதல் பொய் அது, அதை எழுதும்போது பேனாவைக்கூடக் கொஞ்சம் அழுத்தாமல்தான் பிடித்தார்.

போட்டியன்று விடியற்காலையில் ஒரு வேன் நிறைய ஊர்க்காரர்கள் கோயமுத்தூரில் வந்து இறங்கினார்கள், ஆறுச்சாமி தன் வண்டியிலேயே முந்தின நாள் வந்துவிட்டான். ஆயிரக்கணக்கான பேர், கலர் கலராகப் பனியன், காதில் பாட்டு, ஒவ்வொருத்தர் கையிலும் ஒரு வாட்ச். அவர்களுக்கு நடுவில் சேலையைத் தூக்கிச் செருகி மஞ்சள் சட்டையோடு நின்ற மயிலாத்தாளிடம் மாஸ்டர் கடைசியாக ஒருதரம், “பின்னால, ஞாபகம் இருக்குதா?” என்றார். அவள் தலையாட்டினாள். துப்பாக்கி வெடித்தது, அவர் கண்ணெதிரே மஞ்சள் சட்டை கூட்டத்தைப் பிளந்துகொண்டு, முன்னால் நின்ற பெண்களையும் அவர்களுக்கு முன்னால் நின்ற ஆண்களில் பாதிப் பேரையும் தாண்டி, ஆஸ்பத்திரிக்கு ஓடிய அன்றைக்கு ஓடிய மாதிரியே ஓடிப்போனது.

“பின்னால! பின்னால!” என்று கத்தினார் குழந்தைவேல். பக்கத்தில் ஓடியவர்கள் தங்களைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார்கள்.

கிலோமீட்டர் பலகைகள் வந்தன, வந்துகொண்டே இருந்தன, ஒன்றைப் படித்து முடிப்பதற்குள் அடுத்தது வந்தது. அவரோடு ஓடிய தொப்பைக்கார பேங்க் அதிகாரி ஒருத்தர், தான் மூன்று மாதமாகக் குடிக்கிற பூசணிச் சாறு வேலை செய்கிறது என்று சொல்லிக்கொண்டே ஓடினார், இன்னொருத்தர் எல்லாம் புது ஷூவால் வந்தது என்றார். மாஸ்டர் இரண்டு பேரையும் பார்த்தார், அவருக்குத் தன் நோட்டு ஞாபகம் வந்தது. முப்பத்தைந்தாவது பலகை கண்ணில் பட்டபோது கண்ணை இறுக மூடிக்கொண்டு, கால் மடங்கப் போகிற அந்த நிமிடத்துக்காகக் காத்துக்கொண்டே ஓடினார், திறந்து பார்த்தால் முப்பத்தேழு போய்க்கொண்டிருந்தது, கால் பாட்டுக்குக் கால் ஓடியது. சந்தோஷம் வந்தது, வந்த சந்தோஷத்தைப் பார்த்து வெட்கமும் வந்தது, இரண்டும் சேர்ந்து அவரைக் கோட்டுக்கு அந்தப்பக்கம் கொண்டுபோய்த் தள்ளின. கழுத்தில் மெடல் மாட்டினார்கள். ஊர்க்காரர்கள் மாஸ்டர் மாஸ்டர் என்று கத்தினார்கள், முப்பத்தஞ்சு என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

மயிலாத்தாள் ஓரமாகப் புல்லில் உட்கார்ந்து வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தாள். கடைசி இரண்டு கிலோமீட்டரில் ஏழு பெண்கள் அவளைத் தாண்டியிருந்தார்கள், எட்டாவது இடம்.

“அக்கா, நான் என்ன சொன்னேன்? முன்னால போவாதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லையா? ஜெயிச்சிருக்கலாமே! உங்களுக்குப் பின்னால வந்தவளுக எல்லாம்...”

“எனக்குப் பின்னால யாரு வர்றாங்கன்னு தெரிஞ்சுதானுங் முன்னால போனேன்” என்றாள் மயிலாத்தாள், பழத்தைப் பாதியாகப் பிட்டு அவரிடம் நீட்டி.

அவர் அதை வாங்கிக்கொள்ளவில்லை. அவருக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. அந்த நேரத்தில் ஆறுச்சாமி, கடைசி ஆளுக்குப் பின்னால் பாதை முழுக்க வண்டி ஓட்டிவிட்டு வந்து நின்றான். மாஸ்டர் மீட்டரைப் பார்த்தார்.

“முப்பத்தி மூணுங் மாஸ்டர்” என்றான் ஆறுச்சாமி மெதுவாக. “நான் யாருகிட்டயும் சொல்லலீங். சொல்லவும் மாட்டேன்.”

சுற்றிலும் பாட்டுப் போட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள், ஊர்க்காரர்கள் வேனுக்கு முன்னால் அவரை நிற்க வைத்துப் போட்டோ எடுக்கக் காத்திருந்தார்கள். குழந்தைவேல் மெடலைக் கழற்றி ஆறுச்சாமியின் வண்டிக் கண்ணாடியில் மாட்டினார், ஒன்பது கிலோமீட்டர் பாக்கி என்று தனக்குள் சொல்லிக்கொண்டார், கேட்டைத் தாண்டி, பொதுச் சனங்களும் பஸ்ஸும் ஆட்டோவும் போய்க்கொண்டிருந்த பெரிய ரோட்டில் இறங்கி ஓட ஆரம்பித்தார். ‘மாஸ்டர், முடிஞ்சு போச்சுங்க, எங்க போறீங்க’ என்று யாரோ கத்தினார்கள். மயிலாத்தாள் மிச்சப் பழத்தை வாயில் போட்டுக்கொண்டு எழுந்தாள், சேலையைச் செருகினாள், ஓடிப்போய் அவரைப் பிடித்தாள், பிடித்ததும் வேகத்தைக் குறைத்து அவருடைய முதுகுக்குப் பின்னால் இரண்டடி தள்ளியே ஓடினாள். பிறந்ததிலிருந்து யாருக்கும் பின்னால் ஓடிப் பழக்கமில்லாதவள், அடிக்கடி கால் முன்னால் போகப் பார்த்தது, இழுத்துப் பிடித்துக்கொண்டாள். ஆறுச்சாமி மீட்டர் பொய் சொல்லாமல் இருக்க, வண்டியை மாஸ்டருக்குப் பக்கத்திலேயே, அவளுக்கு முன்னால் வைத்துக்கொண்டு உருட்டினான்.

ரோடு நீளமாக இருந்தது. அவ்வளவு நீளமான ரோட்டை மாஸ்டர் ரொம்ப நாளாகப் பார்த்ததே இல்லை. ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குப் போக வேண்டிய நேரம் முழுசாக ஆயிற்று, ஒரு மரமும் கிட்டே வந்து நிற்கவில்லை. முப்பத்துநாலு என்றான் ஆறுச்சாமி, பிறகு ரொம்ப நேரம் கழித்து முப்பத்தஞ்சு என்றான், சொன்ன மறுநிமிடமே கால் இரண்டும் ஊறப்போட்ட தேங்காய் மட்டை மாதிரி கனத்துப்போக, குழந்தைவேல் நடுரோட்டுத் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். பின்னால் காலடிச் சத்தமும் நின்றது.

“நில்லுங், நின்னுட்டே போலாம்” என்றாள் மயிலாத்தாள். “எனக்கு அவசரம் இல்லீங்.”

அவர் கம்பியை விடாமல் மூச்சு வாங்கினார். பஸ்ஸில் போகிறவர்கள் தலையை நீட்டிப் பார்த்தார்கள்.

“அக்கா...”

“சொல்லுங்.”

“சித்த முன்னால போய்ட்டு வர்றீங்களா? ஒரு ரண்டு கிலோமீட்டர். அதுக்கு மேல நான் பாத்துக்கறேன்.”

மயிலாத்தாள் சேலையை இன்னொருதரம் இழுத்துச் செருகினாள்.

“போறனுங். நீங்க சொன்னாப் போறேன்” என்றாள். “நெசமாவே கேக்கறீங்களா?”

ஆறுச்சாமி வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். குழந்தைவேல் முன்னால் கிடந்த ரோட்டைப் பார்த்தார், ஏழு கிலோமீட்டரும் சொச்சமும் யாரும் தொடாமல் அப்படியே கிடந்தது, பதினைந்து வருடத்துக்கு முன்னால் அவர் விட்டுவிட்டு வந்ததும் அதுதான். அவர் தலையை இல்லை என்று ஆட்டினார். கம்பியை விட்டார். நடந்தார், நடந்து, பிறகு ஓட்டம் என்று சொல்லவும் முடியாத, நடை என்று சொல்லவும் முடியாத ஒன்றாக அதை மாற்றினார், இரண்டு தரம் வாந்தி எடுத்தார், ஒருதரம் உட்கார்ந்து எழுந்தார், தன் மனைவியையும் டீக்கடைக்காரரையும் கிரேக்க நாட்டையும் சேர்த்துத் திட்டினார், அவர் நின்றபோதெல்லாம் பின்னால் அவளும் நின்றாள், ஒரு அடி முன்னால் வைக்கவில்லை. முப்பத்தாறு, முப்பத்தெட்டு என்று ஆறுச்சாமி சொல்லிக்கொண்டே வந்தான், நாற்பதைச் சொல்லும்போது ஹாரனையும் சேர்த்து அடித்தான்.

“நாப்பத்திரண்டுங் மாஸ்டர்!”

“நூத்தித் தொண்ணூத்தஞ்சு மீட்டர் பாக்கி.”

“அத்தனை பொடியா இந்த மீட்டர் காட்டாதுங்.”

“அப்ப எரநூறா ஓடிக்கறேன்.”

ஓடினார். அங்கே கோடும் இல்லை, ரிப்பனும் இல்லை, கைதட்ட ஆளும் இல்லை, ஒரு பேக்கரி இருந்தது, முன்னால் இரண்டு படி இருந்தது. குழந்தைவேல் அதில் உட்கார்ந்து, முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி தேம்பித் தேம்பி அழுதார், அது சந்தோஷ அழுகைதான், பார்க்க அப்படி இல்லையே தவிர. பேக்கரிக்காரர் ஆஸ்பத்திரிக்குப் போன் போடட்டுமா என்று கேட்டார், ஆறுச்சாமி வேண்டாம் என்று கைகாட்டிவிட்டு அவனும் கண்ணைத் துடைத்துக்கொண்டான். மயிலாத்தாள் அன்றைக்கு மொத்தம் ஐம்பத்தொரு கிலோமீட்டர் ஓடியிருந்தாள், அதை யாரும் கூட்டிப் பார்க்கவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை. அவர் அழுது முடிக்கும் வரைக்கும் அவர் முதுகுக்குப் பின்னால், அதே இரண்டடி தள்ளி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அவர் மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்து, போதும் என்கிற மாதிரி தலையாட்டிய பிறகுதான் அவரைத் தாண்டி முன்னால் போனாள், போய், “மூணு டீங், ஒண்ணுல சர்க்கரை எச்சா” என்றாள்.